பெரட்டுக் களத்தில் வாசித்த பேர்

கட்சி அமைப்பாளரின் போன் வந்தபோது முன்பள்ளியில் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். இறுகிப்போன ஒரு தண்ணீர்ப் போத்தலின் மூடியை நான் சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஒக்காந்திருக்கீங்களா?"

நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் "ஆமாங்க" என்றேன்.

"உப தவிசாளர் பதவிக்கு உங்க பேரைத்தான் முன்மொழியிறதுன்னு முடிவாயிருச்சு."

"வேற யாரும் இல்லீங்களா?" என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது. கேட்டும்விட்டேன். அதற்கு அவர், "சந்தோஷமா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர்" என்றார். சொன்னேன். போனை வைத்த பிறகு, போதுமான சந்தோஷத்தோடு சொன்னேனா என்று யோசித்துக்கொண்டே போத்தலை வேறொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

நான் பிரதேச சபை உறுப்பினரானதே ஓர் இடத்தை நிரப்பத்தான். பட்டியலில் பெண்களும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். உயர்தரம் வரை படித்த, தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடி எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார்கள். சும்மா பேருக்குத்தான் என்றார்கள். நானும் அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டேன். தேர்தல் முடிந்து பார்த்தால் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. எங்கள் கட்சியும் கீழ்ப்பக்கத்துச் சிங்கள உறுப்பினர்களின் குழு ஒன்றும் கைகோர்த்தன. தவிசாளர் அவர்களுக்கு, உப தவிசாளர் எங்களுக்கு என்று பேச்சு. தவிசாளர் பதவிக்கு அவர்கள் நிறுத்தியவரை எல்லாப் பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தது. சிக்கல் இரண்டாவது நாற்காலியில்தான். அதற்கு மறுபக்கம் ஒருவரை நிறுத்தியிருந்தது. முன்பு ஒருமுறை அதில் இருந்து பழகியவர். இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால், சுயேச்சையாக வென்ற ஒரே ஒருவருடைய வாக்கில்தான் எல்லாம் தங்கியிருந்தது. அவர் டவுனில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம். சின்னவர் பெரியவர் எல்லாரும் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் யார் பக்கம் என்று அவர் கடைப் பையன்களுக்கே தெரியாது. முதல் கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அன்று பின்னேரம் விஷயத்தை என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் த்ரீவீல் ஓட்டுகிறார்.

"வெளியே யாருக்கும் சொல்லிறாதீங்க. ஓட்டு முடியட்டும்."

"நா யாருகிட்ட சொல்லப் போறேன்" என்றார்.

மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே நான் பயங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினேன். மகளுக்கு மூன்று வயது. மழை தொடங்கினால் நெஞ்சு இழுக்கும். சபைக் கூட்டம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். தீர்மானம் வாசிக்கப் போதுமா? அவர் தட்டில் இருந்த ரொட்டியைக் கிழித்துக்கொண்டு, "மொதல்ல சோத்த முழுங்க விடு, புள்ள ரொம்ப நேரமா வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு" என்றார்.

மறுநாள் காலையில் மகளைப் பிள்ளைக்காம்பராவில் விடப் போனேன். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. காலையில் பேர் வாசித்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பனி இன்னும் தரையை விட்டு எழும்பவில்லை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்கள். கங்காணி வேலை பிரித்துக்கொண்டிருந்தார். அவர் என் கணவரின் தாய்மாமன். இன்னார் இன்னார் ஐந்தாம் நம்பர் மலை, இன்னார் புல்லு வெட்டு, இன்னார் மருந்தடிக்க என்று ஒரே இழுவையில் சொல்லி வந்தவர், அதே இழுவையில், "டீச்சர் பொண்ணு, பிரதேச சபைக்கு உப தவிசாளர்" என்று முடித்தார்.

என் கணவர் யாருக்கும் சொல்லவில்லை. மாமாவுக்கு மட்டும்தான் சொன்னாராம்.

வரிசையில் நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒரு பெண், "அது எந்த மலைங்க?" என்று கேட்டாள்.

"கொழுந்து இல்லாத மலைடி" என்றாள் இன்னொருத்தி.

"டீச்சருக்கு ஜீப்பு குடுப்பாங்களா?"

"ஜீப்பு பெரிய சேர்மனுக்கு. வைஸ் சேர்மன் புருஷன்கிட்டத்தான் த்ரீவீல் இருக்கே."

எங்கள் லயத்தின் கடைசியில், தொங்கல் வீட்டில் இருக்கும் அக்கா எதையும் சும்மா விடமாட்டார். "நேத்துவரைக்கும் புள்ளைங்களுக்கு மூக்குத் தொடச்சுக்கிட்டு இருந்த புள்ள, இனி எங்கள எல்லாம் பாக்குமா?" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இனிமேயும் மூக்குத்தான் தொடைக்கும். சபையில உள்ள பெரிய புள்ளைங்களுக்கு."

களமே சிரித்தது. நான் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "இன்னும் ஓட்டெடுப்பு இருக்குங்க. பேர் மட்டும்தான் சொல்லியிருக்காங்க" என்றேன்.

கங்காணி மாமா என்னைப் பார்த்தார். "பேரு சொல்லியாச்சா இல்லியா?"

"சொல்லியாச்சு மாமா. ஆனா..."

"பெறகு என்ன?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. பிறந்ததிலிருந்து இந்தக் களத்தில் பேர் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காலையில் ஒருத்தி பேரைச் சொல்லி மலையைச் சொன்னால், அன்று அந்த வேலை அவளுடையது. சொன்ன பேரை எடுத்து, இவளா அவளா என்று யாரும் கை தூக்கிப் பார்ப்பதில்லை. பேர் சொல்வது ஒருநாள், அந்தப் பேருக்கு ஆள் சேர்ப்பது இன்னொருநாள் என்று ஒரு வழக்கம் எங்கேயோ இருக்கிறது என்பதை அந்தக் களத்தில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை. அன்று முழுவதும் முயற்சி செய்தேன். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம், "இன்னும் முடியலங்க" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "படிச்ச புள்ளன்னா இப்படித்தான்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

கந்தப்பளையிலிருந்து அம்மா போன் பண்ணினார். லீக்ஸ் போட்ட மரக்கறித் தோட்டத்தில் நின்று பேசுகிறார் என்பது காற்றின் சத்தத்தில் தெரிந்தது. "எங்க தோட்டத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். நீ என்னா, நாந்தான் கடைசியா தெரிஞ்சுக்கணுமா?"

"அம்மா, இன்னும் ஒண்ணும் ஆகல."

"ஆகாமலா அங்க வெடிக்கு சொல்லியிருக்காங்க?"

வெடிச் சமாசாரம் அப்போதுதான் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் பூசை வைத்தார்கள். பூசைக்கு என்னை அழைக்க வந்தபோது தப்பு மேளம் அடிக்கிறவர்களும் கூடவே வந்தார்கள். லயத்து வாசலில் தொடங்கிய தப்பு கோயில்வரை நிற்கவில்லை. தோட்டத்து ரோட்டின் இரண்டு பக்கமும், மலையிலிருந்து நேரே இறங்கி வந்த பெண்கள் படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்றார்கள். கோயில் வாசலில் சரவெடியைக் கொளுத்தினார்கள். என் மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கழுத்தில் விழுந்த மாலையில் ஒரு பூவைப் பிய்த்து வாயில் போட்டாள். பூவை அவள் வாயிலிருந்து எடுப்பதா, கும்பிட்டவர்களுக்குத் திரும்பக் கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தேன்.

இதற்கு எல்லாம் வெடி எங்கே வாங்கினார்கள் என்று கணவரிடம் கேட்டேன்.

"நானா கடையில."

"யாரு போய் வாங்கினது?"

அவர் தப்புக்காரர்களைப் பார்த்தார். "ஏத்திட்டு வரச் சொன்னாங்க. த்ரீவீல் நம்மகிட்டத்தானே இருக்கு."

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அமைப்பாளரின் போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. "யாரு டீச்சர் வெடி போடச் சொன்னது? மறுபக்கத்து ஆளுங்க டவுன்ல சிரிக்கிறாங்க. ஓட்டுல தோத்தா மொகத்த எங்க வச்சுக்கிறது?"

"நான் சொல்லலீங்க."

"தெரியும், தெரியும். ஒரு யோசன இருக்கு. புள்ளைக்கி நெஞ்சு இழுக்குதுன்னு சொல்லி நீங்க விலகிக்கிட்டா மரியாதையா முடிஞ்சிரும். நம்ம அடுத்த ஆள் பேரப் போடுவோம். அவருன்னா நானா ஒருவேள எறங்கி வருவாரு. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

அதைக் கேட்டவுடன் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. பிள்ளை நோய் என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பிறகுதான், அந்தக் கதவு வழியாகப் போனால் இனி எந்தப் பாதையில் முன்பள்ளிக்கு நடப்பேன் என்று யோசித்தேன். வெடி போட்டவர்கள், மாலை கட்டியவர்கள், படங்கோடு நின்றவர்கள் எல்லாரையும் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களிடம் என்ன சொல்வேன்? தோற்றுப்போனேன் என்று சொல்லலாம். போகவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் விலகுவதுதான் பிள்ளைக்கு நல்லதோ என்று பாயில் புரண்டு புரண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனபோது, அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் அக்கா என்னை நிறுத்தினார்.

"டீச்சர், சபை உள்ள நாள்ல நீங்க வர்றவரைக்கும் நா இருப்பேன். புள்ளய நெனச்சுக் கவலப்படாதீங்க."

"உங்களுக்கு எதுக்குக்கா கஷ்டம்?"

"என்னா கஷ்டம். பெரட்டுல எம் பேரையும் சொல்லியாச்சு, சபை நாள்ல இந்தப் புள்ள எம் பொறுப்புன்னு. மூணு பேரு மாத்தி மாத்தி ஒக்காந்துக்கிறோம்னு கூட வந்து நின்னாங்க."

என்னைக் கேட்காமல் எனக்காக இவ்வளவு ஏற்பாடு நடந்திருந்தது. பயந்துகொண்டிருந்த நான் அதில் ஒரு பகுதிதான். மற்றப் பகுதிகள் எல்லாம் ஏற்கனவே வேலைக்கு இறங்கிவிட்டன. நான் அங்கே நின்றே அமைப்பாளருக்குப் போன் போட்டேன்.

"நான் விலகலீங்க."

"தோத்தா?"

"தோத்தா தோக்கிறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். 

அன்று பகல் நானாவின் கடைக்குப் போனேன். பிள்ளைக்காம்பராவிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு போனது சரியா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். பிள்ளையைக் காட்டி இரக்கம் தேட வந்தாள் என்று நினைப்பாரோ. நானா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழும்பவில்லை.

"வாங்க வைஸ் சேர்மன். வெடியெல்லாம் நல்லா வெடிச்சிச்சா? நமுத்துப் போனதுன்னா திருப்பித் தாங்க, மாத்திக் குடுக்கிறேன்."

"நல்லா வெடிச்சிச்சு நானா."

"எனக்கு ஒரு வார்த்த செல்லல. எல்லாம் முடிஞ்ச பொறகு எங்கட கடையில வந்து வெடி வாங்கிறாங்க. நான் இல்லாமலே நீங்க ஆள் சேத்துட்டீங்கதானே. நல்ல கெட்டிக்காரிதான்."

அவர் நினைத்திருந்தது அதுதான் என்று அப்போது புரிந்தது. மறுபக்கத்திலிருந்து யாரையோ நாங்கள் இழுத்துவிட்டோம், அந்தத் துணிச்சலில்தான் வெடி போடுகிறோம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். சும்மா தலையை ஆட்டியிருந்தால் அவர் அப்படியே நம்பியிருப்பார். ஒரு கணம் அதுகூட மனதில் ஓடியது. ஆனால் பொய் எனக்கு முகத்தில் நிற்காது.

"ஒருத்தரையும் சேக்கல நானா. உங்க ஓட்டு இல்லாம எனக்கு ஒண்ணும் இல்ல. பெரட்டுல பேர் வாசிச்சதும் வேலை கெடச்சிட்டதா நெனச்சு வெடி போட்டுட்டாங்க. நான் சொன்னேன், கேக்கல."

நானா கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். பிறகு தராசுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். அவர் தோள் குலுங்கியது. கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தார்கள்.

"அப்ப இன்னும் ஒண்ணுமே நடக்கல?"

"இல்ல நானா."

"அவ்வளவு வெடியும் சும்மா?"

"ஆமா நானா."

அவர் கண்ணைத் துடைத்தார். போத்தலிலிருந்து ஒரு டொஃபி எடுத்து மகளிடம் நீட்டினார். "பார்ப்பம்" என்றார். மறுபடியும் தராசின் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் ஓட்டுக் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, உண்மையைச் சொன்னது புத்தியா பைத்தியமா என்று தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கு வரும்வரை யோசித்தேன்.

கூட்டத்தன்று, மணமுடித்தபோது வாங்கிய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் அவரவர் இடத்தில் பேர்ப் பலகை இருந்தது. தவிசாளர் தெரிவு சண்டையில்லாமல் முடிந்தது. பிறகு தலைமை தாங்கிய பெண் அதிகாரி இரண்டு பேர்களை வாசித்தார். ஒன்று என்னுடையது. ஒவ்வொரு உறுப்பினரும் எழுந்து தான் ஆதரிக்கும் பேரைச் சொல்ல வேண்டும் என்றார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். மறுபக்கத்தவர் பேர் ஒருமுறை, என் பேர் ஒருமுறை என்று இழுபறியாகப் போனது. சிங்கள உறுப்பினர்கள் என் பேரை அவர்கள் நாக்குக்கு ஏற்றபடி சொன்னார்கள். ஒரு அம்மா அதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். பரவாயில்லை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நானா கடைசி வரிசையில் இருந்ததால் கடைசியாகத்தான் எழுந்தார். அப்போது இரண்டு பக்கமும் சமம்.

அவர் கண்ணாடியைச் சட்டைத் துணியில் துடைத்தார். போட்டுக்கொண்டார். "டீச்சர்" என்றார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "சம்பூர்ண நம கியன்ன" என்றார். முழுப் பேரைச் சொல்லச் சொன்னார்.

நானா தலையைச் சொறிந்தார். வாசித்த முழுப் பேர் நினைவில் நிற்கவில்லை, ஊரெல்லாம் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "செல்லுங்க புள்ள, ஒங்கட முழுப் பேர் என்ன?"

மண்டபம் சிரித்தது. மறுபக்கத்து வேட்பாளரும் சிரித்தார். நான் எழுந்து நின்றேன். அப்பா பேரோடு சேர்த்து என் முழுப் பேரைச் சொன்னேன். அந்த மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கும்படி சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரல்தான். ஆனால் இதுவரை என் பேருக்கு அந்தக் குரலை நான் பயன்படுத்தியதில்லை. நானா அதை ஒருமுறை திருப்பிச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். எனக்கு அது போதும். முதலில் கையைத் தட்டியது எங்கள் அமைப்பாளர்தான். என்னை விலகச் சொன்ன மனிதர் எழுந்து நின்று தட்டினார். கீழ்ப்பக்கத்துச் சிங்கள அம்மா வந்து இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். என் பேரை இந்த முறை ஓர் எழுத்தும் விடாமல் சொன்னார். சிங்களத்தில் அவருக்கு நன்றி சொன்னேன். பிழையில்லாமல் வந்தது. எனக்கு அழுகை வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, அடக்க முடியாமல்.

வாசலில் நானா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நன்றி சொன்னேன்.

"எனக்கு என்னத்துக்கு நன்றி? ஒங்கட தோட்டம் முழுக்க எங்கட கடையில வாங்கின வெடியப் போட்டுட்டு ஒக்காந்திருக்கு. நான் பேர மாத்திச் செல்லியிருந்தா அந்தப் பொம்பளையள் பொறகு என்ட கடைப் பக்கம் வருவாங்களா? ஓட்ட நீங்க கேக்கல புள்ள. அவங்க கேட்டாங்க." செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆனா நீங்க உள்ளதச் சென்னீங்க. அதுவும் ஒரு காரணம்" என்றார்.

கணவர் த்ரீவீலின் கண்ணாடியில் பூச்சரம் சுற்றி வைத்திருந்தார். தோட்டம்வரை ஹோர்னை அடித்துக்கொண்டே வந்தார். எங்களைப் பார்க்க ஆட்கள் ஓடி வருவார்கள் என்று நானும் சேலையைச் சரி செய்துகொண்டேன். கொழுந்து நிறுக்கும் நேரம். மடுவக் கொட்டகையில் பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். யாரும் ஓடி வரவில்லை. தொங்கல் வீட்டு அக்கா என் கழுத்து மாலையைப் பார்த்தார்.

"என்னா டீச்சர், மறுபடியும் மாலையா?"

"இன்னைக்குத்தான் அக்கா ஓட்டு. ஜெயிச்சிட்டேன்."

"அதுதான் போன கெழமையே ஆயிருச்சே." அவர் சாக்கைத் தராசில் மாட்டினார். "வெடி போட்டு எத்தன நாளாச்சு. பெரிய ரோட்டுலேருந்து லயத்துக்கு ஏறுற பாதையில ஒரு லைட்டு இருக்கா? பதவிக்கு வந்து ஒரு வேலையும் ஆகல."

"கேளுங்கடி நல்லா" என்று வரிசையின் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

ஒரு வாரமாக நான் பதவியில் இருந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறேன். அவர்கள் கணக்கு அப்படி. அதை எதிர்த்துப் பேச எனக்கு அன்று மனம் வரவில்லை. "வாங்க, எந்த எடத்துலன்னு காட்டுங்க" என்றேன்.

கொழுந்து நிறுத்து முடித்தவர்கள் கூட வந்தார்கள். மாலையோடு நான் முன்னால் ஏறினேன். மகள் அவள் அப்பாவின் தோளில். தொங்கல் வீட்டு அக்கா லைட்டு படிக்கட்டுக்கு மேலே வேண்டும் என்றார். இன்னொருத்தி, அவ வீட்டு வாசலுக்குத்தான் கேக்கிறா, தண்ணி புடிக்கிற பீலிக்கிட்ட போடுங்க என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான், ரெண்டு பேரும் சொல்றது சரிதான் என்று ஆரம்பித்திருப்பேன். பாதையை மேலும் கீழும் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழுக்கி விழும் வளைவு நடுவில் இருந்தது.

"ரெண்டு எடத்துலயும் இல்ல. இந்த வளைவுல" என்றேன்.

அவர்கள் வளைவைப் பார்த்தார்கள். தொங்கல் வீட்டு அக்கா காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து, நான் காட்டிய இடத்தில் அடையாளமாக வைத்தார்.